பழைய ராணுவ லாரி குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) வைத்த பழைய பெட்ரோல் ராணுவ லாரிகளைப் பற்றிய பக்கம் இது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் ஓடிய ஜி.எம்.சி. சி.சி.கே.டபிள்யூ., 1951 முதல் 1968 வரை தயாரான டாட்ஜ் எம்37, பிரிட்டிஷ் ராணுவத்தின் பெட்ஃபோர்ட் ஆர்.எல்., சோவியத் காஸ்-66 போன்றவை மனதில் இருக்கின்றன. பெயரும் அளவும் மாறினாலும் குளிரில் இவை செய்யும் வம்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

"பழைய வண்டி, குளிரில் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. இரவெல்லாம் பனியில் நின்றாலும் விடிந்ததும் கிளம்ப வேண்டும் என்பதற்காகவே இவற்றைக் கட்டினார்கள். அன்று கிளம்பிய வண்டி இன்று கிளம்பவில்லை என்றால் எங்கோ ஏதோ தேய்ந்திருக்கிறது, காய்ந்திருக்கிறது, அல்லது இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க முடியும்.

சூடாக இருக்கும்போது ஒரே அடியில் பற்றுகிறது. குளிரில் மட்டும் ஏன் இந்தப் பாடு?

பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகத்தான் எரியும். பெட்ரோல் என்பது பல பொருள்களின் கலவை. அதில் இலகுவான பகுதி குளிரிலும் ஆவியாகும், கனமான பகுதி ஆகாது. குளிர்ந்த எஞ்சினில் கார்புரேட்டர் அனுப்பும் பெட்ரோலில் பெரும்பகுதி மேனிஃபோல்டின் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குப் போகும் குழாய்) சுவரில் ஈரமாக ஒட்டிக்கொண்டுவிடும். சிலிண்டருக்குள் ஆவியாகப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று (எடைக் கணக்கில்) போதும். குளிரில் அதைவிடப் பல மடங்கு பெட்ரோலைக் கொட்டினால்தான் பற்றும் அளவுக்கு ஆவி கிடைக்கும். கார்புரேட்டரின் வாயை ஒரு தகட்டால் மூடிக் காற்றைக் குறைக்கும் சோக் இருப்பது அதற்காகத்தான்.

அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி எஞ்சினைப் பிடித்து இழுக்கிறது. பேட்டரியின் பலமும் குறைகிறது. உறைநிலைக்கு 18 டிகிரி செல்சியஸ் கீழே போனால் லெட்-ஆசிட் பேட்டரியின் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பதால், ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலுக்குக் கிடைக்கும் வோல்டேஜும் விழுகிறது, ஸ்பார்க் மெலிகிறது.

ஆக, எஞ்சினுக்கு எல்லாமே அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் எல்லாமே குறைவாகக் கிடைக்கிறது. சூட்டில் வெளியே தெரியாத நான்கைந்து சின்னக் குறைகள் குளிரில் ஒன்றுசேர்ந்துவிடும். இதனால்தான் ஒரே ஒரு பாகத்தை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காதிலிருந்து. செல்ஃப் போடும்போது எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று கேளுங்கள். வண்டி சூடாக இருக்கும்போது ஒருமுறை, மறுநாள் காலை குளிரில் ஒருமுறை போனில் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகத் தெரியும். மெதுவாக, திணறித் திணறிச் சுற்றினால் கார்புரேட்டரைத் தொடவே வேண்டாம். பேட்டரி, கேபிள், ஆயில் பக்கம் போங்கள். சுறுசுறுப்பாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் அடுத்து ஸ்பார்க், அதற்கப்புறம் பெட்ரோல், கடைசியில் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்).

இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்டார்ட் ஆகாத வண்டியில் எல்லோரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில்தான். ஐடில் ஸ்க்ரூவைத் திருகுவார்கள், ஜெட்டை (பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள பாகம்) கழற்றுவார்கள், ஃப்ளோட்டை (பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) வளைப்பார்கள். கோளாறு எர்த் கேபிளில் (பேட்டரியின் ஒரு முனையை வண்டியின் உலோகத்தோடு இணைப்பது) இருந்திருக்கும். இப்போது ஒரு கோளாறு இருந்த இடத்தில் இரண்டு.

6 வோல்ட் வண்டி எப்போதுமே மெதுவாகத்தானே சுற்றும்?

12 வோல்ட் வண்டியைவிடக் கொஞ்சம் நிதானமாகச் சுற்றும், உண்மைதான். ஆனால் பற்றாத அளவுக்கு மெதுவாக அல்ல. சி.சி.கே.டபிள்யூ. 6 வோல்டில்தான் போர் முழுக்க ஓடியது.

பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. பழைய கேபிள் போனதும் கடையில் கிடைத்த 12 வோல்ட் கார் கேபிளை மாட்டிவிடுகிறார்கள். அதே சக்திக்கு 6 வோல்டில் இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும், இழக்கக்கூடிய வோல்டேஜோ பாதி. அதனால் அதே நீளத்துக்கு நான்கு மடங்கு குறுக்குப் பரப்புள்ள செம்பு வேண்டும். வெளி உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே இருக்கும் செம்பு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

12 வோல்டுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். மாற்றலாம்தான். ஆனால் கேபிளையும் எர்த்தையும் சரிசெய்து பார்க்காமல் மாற்றாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அதற்கப்புறம் மாற்றும் தேவையே இருக்காது.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியும் புதிது. ஆனாலும் இழுக்கவில்லை.

ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்தீர்களா? எம்37 போன்ற வண்டிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடர் இணைப்பில் இருக்கும். ஒன்று சோர்ந்தால் இரண்டும் சோர்ந்த மாதிரிதான். மொத்தமாக அளந்தால் 24.8 வோல்ட் காட்டும். பிரித்து அளந்தால் ஒன்று 12.7, மற்றது 12.1 என்று உண்மை வெளிவரும். ஓய்வில் 12.6-க்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு வருவதற்கு மிகப் பொதுவான காரணம், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோவுக்கோ போன் சார்ஜருக்கோ கொடுப்பது. அந்தப் பேட்டரி எப்போதும் குறைவாகவும், மற்றது எப்போதும் அதிகமாகவும் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் கெடும். 12 வோல்ட் வேண்டுமானால் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வையுங்கள். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள்.

இன்னொன்று. சார்ஜ் இறங்கிய பேட்டரியைக் கடுங்குளிரில் விடாதீர்கள். அமிலம் நீர்த்துப்போயிருப்பதால் உறைநிலைக்குச் சில டிகிரி கீழேயே அது உறைந்து வெடிப்பு விடும். முழுச் சார்ஜில் இருந்தால் உறையாது என்றே சொல்லலாம்.

கேபிளும் எர்த்தும் நன்றாக இருக்கின்றனவா என்று எப்படிச் சோதிப்பது?

பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் போதும். வண்டி பற்றிக்கொள்ளாமல் இருக்க இக்னிஷனை அணைத்து வையுங்கள். பெரும்பாலான பழைய ராணுவ லாரிகளில் செல்ஃபுக்குத் தனிப் பெடலோ பட்டனோ இருப்பதால் இது சுலபம்.

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலேயே (கிளாம்பில் அல்ல, ஈயத் தூணில்) வையுங்கள். இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்துங்கள். ஒருவர் செல்ஃப் போடட்டும். மீட்டர் காட்டுவது, அந்த வழியில் வீணாகும் வோல்டேஜ். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்டுக்குள் இருக்க வேண்டும். 6 வோல்ட் வண்டியில் அதில் பாதிகூட அதிகம்தான். அப்புறம் இதேபோல் பேட்டரியின் மற்ற முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையில் அளந்து பாருங்கள்.

ராணுவ லாரிகளில் எர்த் பெரும்பாலும் சேஸிஸில் இறங்கி, அங்கிருந்து வேறொரு பட்டைக் கம்பியில் எஞ்சினுக்குப் போகும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பட்டைதான் ஒரே வழி. அது அறுந்தோ, புதிதாக அடித்த பச்சைப் பெயின்ட்டின் மேல் முடுக்கப்பட்டோ இருப்பதை நிறையப் பார்க்கிறேன். அழகாகப் புதுப்பித்த வண்டிகளில்தான் இந்தக் கோளாறு அதிகம். இடத்தைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிந்ததும் முடுக்கி, அதன் மேல் கிரீஸ் பூசுங்கள்.

செல்ஃப் பட்டனை விட்ட அந்தக் கணத்தில் பற்றுகிறது. அழுத்திக்கொண்டிருக்கும்போது பற்றுவதில்லை. ஏன்?

நோயைத் தானே சொல்லும் அறிகுறி இது. செல்ஃப் சுற்றும்போது வோல்டேஜ் முழுவதையும் அது இழுத்துக்கொள்கிறது, காயிலுக்கு மிச்சமில்லை. விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, ஸ்பார்க் வருகிறது, எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் பற்றிக்கொள்கிறது. மேலே சொன்ன பேட்டரி, கேபிள் சோதனைகளைச் செய்யுங்கள். காயிலுக்கு முன்னால் ரெசிஸ்டர் வைத்த வண்டியாக இருந்தால், செல்ஃப் போடும்போது அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேராகக் கரண்ட் கொடுக்கும் இணைப்பு வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த ஆயில் ஊற்றுவது? பழைய கையேடு 30 என்கிறது.

அதே கையேட்டைக் கொஞ்சம் கீழே படித்துப் பாருங்கள், குளிருக்கு 10 என்று இருக்கும். குளிருக்கும் சூட்டுக்கும் ஒன்றாகவே பொருந்தும் மல்டிகிரேட் ஆயில் இல்லாத காலத்து அட்டவணை அது. அந்த எண்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிப்பவை. போர்க்கால ஜீப் கையேட்டில் கடுங்குளிருக்கு 10 கிரேடு ஆயிலோடு 10 சதவீதம் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்று அதெல்லாம் தேவையில்லை. 10டபிள்யூ-30 பெரும்பாலான குளிருக்குப் போதும். உறைநிலைக்கு நன்றாகக் கீழே போகும் இடமானால் 5டபிள்யூ-30. கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றிவிட்டு வண்டி இழுக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை.

கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலும் கெட்டியாகத்தான் இருக்கும். கிளட்ச்சை மிதித்துக்கொண்டே செல்ஃப் போடுங்கள்.

ஸ்பார்க் இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. எல்லாம் உலோகக் குழாய்க்குள் மூடியிருக்கிறது.

வானொலிக்கு இடையூறு வரக் கூடாது, ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். எம்37-இல் காயில், காயிலுக்கான கரண்டைத் திறந்து மூடும் பாயிண்ட், அதோடு சேர்ந்த கண்டன்சர் மூன்றும், ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துத் தரும் மூடிய டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். பிளக் வயர்கள் உலோகப் பின்னலுக்குள் ஓடும். பிளக்கின் மேல்பகுதியும் உலோக உறைதான்.

சோதிப்பதற்கு, ஒரு பிளக் வயரின் நட்டைக் கழற்றி, அதன் நுனியில் உள்ள தொடுமுனையை ஒரு சாதாரண பிளக்கின் தலையில் படும்படி பிடிக்க ஒரு சின்ன அடாப்டர் செய்துகொள்ளுங்கள். பிளக்கின் உடம்பு எஞ்சினைத் தொட வேண்டும். வெறும் கையால் பிடிக்காதீர்கள், பெட்ரோல் கசியும் இடத்துக்குப் பக்கத்தில் செய்யாதீர்கள். நீலமாக, சத்தத்தோடு அடித்தால் நல்லது. மஞ்சளாக, மெலிதாக இருந்தால் குளிரில் போதாது.

மூடிய டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. தண்ணீர் உள்ளே போகாது, ஆனால் உள்ளே வந்த ஈரம் வெளியேயும் போகாது. அதற்காகவே காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் இரண்டு மெல்லிய குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றை யாராவது அடைத்துவிட்டாலோ வளைத்து நசுக்கிவிட்டாலோ மூடிக்குள் ஈரம் வியர்க்கும். பகலில் சூடேறியதும் காய்ந்துவிடும், மறுநாள் காலை மறுபடி வரும். "காலையில் மட்டும்" என்று வரும் புகாருக்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் குழாய்களைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பிளக்கின் உள்ளே இருக்கும் பீங்கான் உறையில் விரிசலோ கறுப்புக் கோடோ தெரிந்தால் மாற்றுங்கள்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியானால் பாயிண்ட்டின் முகத்தில் மெல்லிய சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். சுத்தமான கெட்டி அட்டைத் துண்டை இடையில் வைத்து இழுத்தாலே போய்விடும். எமரி பேப்பர் போடாதீர்கள், அதன் துகள் ஒட்டிக்கொண்டு வேறு தொல்லை தரும். இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகமாகச் சுற்றுகிறது, ஸ்பார்க்கும் நன்றாக இருக்கிறது. இனி கார்புரேட்டரைக் கழற்றலாமா?

இன்னும் வேண்டாம். முதலில் சோக் முழுசாக மூடுகிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, ஒருவரை உள்ளே உட்கார்ந்து சோக் குமிழை முழுவதும் இழுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கார்புரேட்டரின் வாயைப் பாருங்கள். தகடு சுற்றிலும் படிந்து மூட வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து இருந்தாலும் காற்று அந்த வழியே புகுந்துவிடும். உள்ளே உறிஞ்சும் வேகம் போதாமல் பெட்ரோல் ஜெட்டை விட்டு மேலே வராது.

குமிழ் முழுக்க வெளியே வந்துவிட்டது என்பதால் தகடு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. கேபிளின் வெளி உறையைப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்தால் உள்கம்பிக்குப் பதில் உறையே நகரும். கேபிள் வளைந்த இடத்தில் துருப்பிடித்து இறுகினாலும் இதே கதைதான். கிளாம்ப்பை இறுக்கி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்து, கேபிளுக்கு மெல்லிய ஆயில் விட்டால் போதும். செலவு எதுவும் இல்லை, நேரமும் அதிகம் ஆகாது. ஸ்பார்க்கும் வேகமும் நன்றாக இருக்கும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது எப்போதும் இதைத்தான்.

தகட்டில் ஸ்பிரிங் வைத்த சின்ன வால்வு ஒன்று இருக்கலாம். எஞ்சின் பற்றியதும் கொஞ்சம் காற்றை உள்ளே விடுவதற்காக அது. அதன் ஸ்பிரிங் உடைந்து திறந்தே கிடந்தால் சோக் மூடியும் பயனில்லை.

ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீச்சும் ஆக்சிலேட்டர் பம்ப் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சினை அணைத்துவிட்டு, சோக்கைத் திறந்து, கார்புரேட்டருக்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலேட்டர் இணைப்பை ஒருமுறை வேகமாகத் திறங்கள். மெல்லிய தாரையாகப் பெட்ரோல் பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக விழுந்தாலோ ஒன்றுமே வராமல் போனாலோ, குளிரில் மிதித்து மிதித்துப் பார்ப்பதால் ஒன்றும் நடக்கப்போவதில்லை.

பழைய கார்புரேட்டர்களில் இந்தப் பம்ப்பின் பிஸ்டனில் தோல் வாஷர் இருக்கும். வண்டி நிறைய நாள் நின்றால் பெட்ரோல் வற்றி, தோல் காய்ந்து சுருங்கிவிடும். கழற்றி மெல்லிய ஆயிலில் ஊறவைத்து, ஓரத்தை விரலால் மெதுவாக விரித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். ஓரம் கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். தோல் நன்றாக இருந்தும் பீச்சவில்லை என்றால் அடியில் இருக்கும் சின்னக் குண்டு வால்வில் அழுக்கு இருக்கலாம்.

தினமும் ஓட்டினால் சரியாகக் கிளம்புகிறது. இரண்டு வாரம் நின்றால் அரை மணி நேரம் போராட வேண்டியிருக்கிறது.

கார்புரேட்டர் தொட்டியில் பெட்ரோல் இல்லை. இரண்டு வாரத்தில் ஆவியாகிப் போய்விட்டது. காலியான தொட்டியை நிரப்பப் பம்ப் வேலை செய்ய வேண்டும். அது எஞ்சினால் ஓடும் மெக்கானிக்கல் பம்ப் என்பதால் நீங்கள் செல்ஃபை வைத்துப் பெட்ரோல் இறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தொட்டி நிரம்புவதற்குள் பேட்டரி சோர்ந்துவிடுகிறது.

பல பம்ப்களில் கையால் அடிக்கும் சின்ன நெம்பு ஒன்று பக்கவாட்டில் இருக்கும். பச்சைப் பெயின்ட்டின் அடியில் மறைந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். செல்ஃப் போடுவதற்கு முன் அதை அடித்தால் முதலில் இளக்கமாக இருக்கும், தொட்டி நிரம்பியதும் எதிர்ப்பு மாறுவது கைக்குத் தெரியும். அடிக்கும்போது எதிர்ப்பே இல்லை என்றால் எஞ்சினை அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி முயலுங்கள். பம்ப்பைத் தள்ளும் கேம் உச்சியில் நின்றிருக்கலாம்.

தொட்டியோ பெட்ரோல் குழாயோ ஒரே இரவில் காலியாகிவிட்டால் அது ஆவியாதல் அல்ல. பம்ப்பின் உள் வால்வு கசிந்து பெட்ரோல் டேங்கை நோக்கித் திரும்புகிறது, அல்லது டேங்குக்கும் பம்ப்புக்கும் இடையில் உள்ள ரப்பர் குழாய் காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டரின் அடி பிளக் உள்ளே கசிகிறது. உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் ஓட்டை இருந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது, காற்று மட்டும் உள்ளே போகும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை மோசமாகக் கெடுக்கிறது. குழாயையும் பம்ப் டயாபிரத்தையும் (பம்ப்புக்குள் பெட்ரோலை இறைக்கும் மெல்லிய திரை) எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுவது நல்லது.

டயாபிரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ பெட்ரோல் நாற்றம் அடித்தாலோ எஞ்சினை ஓட்டவே ஓட்டாதீர்கள். பேரிங் போகும், தீப்பிடிக்கவும் கூடும்.

பெட்ரோல் கெட்டுப்போகுமா?

போகும். அதிலும் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்குத் தேவையான இலகுவான பகுதிதான் முதலில் போகும். கோடையில் நிரப்பிய பெட்ரோலைக் குளிர்காலத்தில் எரிக்கப் பார்ப்பவர்கள் இதை உணர்வதில்லை. எஞ்சின் சூடானதும் அதே பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் என்பதால் சந்தேகமே வராது. குளிர் அதிகமான நாடுகளில் குளிர்காலத்துக்கென்று எளிதில் ஆவியாகும் பெட்ரோலையே விற்கிறார்கள். அது பழைய டேங்கில் இருக்கும் கோடைப் பெட்ரோலுக்கு வந்து சேராது.

எம்37-இன் டேங்க் ஏறக்குறைய 90 லிட்டர். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் மட்டும் வெளியே வரும் வண்டியில் அது தீர எத்தனை காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பாதி காலியான டேங்க் இரவும் பகலும் ஈரக் காற்றை இழுத்து விடும். எத்தனால் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும். குளிர் கூடக் கூட அந்த அளவு குறைகிறது. டேங்கின் அடியிலிருந்து இழுக்கும் குழாய்க்கு முதலில் கிடைப்பது அந்தக் கலவைதான். சாதாரணத் தண்ணீராக இருந்தால் ஃபில்டர் கிண்ணத்தில் உறைந்து வழியையே அடைக்கும்.

சோதனை எளிது. புதுப் பெட்ரோலை ஒரு சின்ன கேனில் எடுத்து, நல்ல குழாய் வழியாகப் பம்ப்புக்கு நேராகக் கொடுத்து மறுநாள் காலை முயலுங்கள். நன்றாகப் பற்றினால் டேங்கைக் காலி செய்யுங்கள்.

பெட்ரோல் நாற்றம் தூக்கலாக அடிக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சோக்கை முழுக்கத் திறந்து, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் போடுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் இன்னும் கொஞ்சம் பீச்சும். பற்றவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். ஒவ்வொரு நாளும் இப்படி ஆனால், தொட்டிக்குள் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஊசி வால்வும் ஃப்ளோட் அளவும் பார்க்க வேண்டியவை.

ஈத்தர் ஸ்ப்ரே அடிக்கலாமா? கார்புரேட்டரில் பெட்ரோல் ஊற்றலாமா?

கார்புரேட்டரின் திறந்த வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு செல்ஃப் போடுவதை யாரும் செய்யக் கூடாது. எஞ்சின் ஒருமுறை பின்னோக்கி வெடித்தால் தீ மேலே வரும், அங்கே உங்கள் முகமும் பெட்ரோல் பாத்திரமும் இருக்கும். கட்டாயம் என்றால் ஒரு தேக்கரண்டி அளவு விட்டு, பாத்திரத்தைத் தள்ளி வைத்து, ஏர் ஃபில்டரைத் திரும்ப மாட்டிவிட்டு அப்புறம் செல்ஃப் போடுங்கள். பழைய ஆயில் வகை ஏர் ஃபில்டர் தீச்சுவாலையை ஓரளவு தடுக்கும்.

ஈத்தரை நான் கோளாறு கண்டுபிடிக்கும் கருவியாக மட்டும் பார்க்கிறேன். சிறிதளவு அடித்ததும் பற்றி அணைந்தால் ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை என்று தெரிந்துவிடும். தினசரி வழக்கமாக்கினால் உண்மையான கோளாறு மறைந்தே கிடக்கும், பிஸ்டனும் அடி வாங்கும்.

பற்றுகிறது, ஒரு நிமிடத்தில் அணைகிறது.

சோக்கை ஒரேயடியாக உள்ளே தள்ளுகிறீர்களா? பற்றியதும் பாதி, அப்புறம் எஞ்சின் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுங்கள். அப்படியும் அணைந்தால் மேனிஃபோல்ட் கேஸ்கட், கார்புரேட்டர் அடி கேஸ்கட், வாக்குவம் வைப்பர் குழாய் ஆகியவற்றில் காற்றுக் கசிவு தேடுங்கள். வெளிப்போக்கு வாயுவின் சூட்டை உள்மேனிஃபோல்டுக்குத் திருப்பும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், அது துருப்பிடித்துத் திறந்த நிலையில் இறுகியிருக்கலாம். அப்போது எஞ்சின் சூடேற நீண்ட நேரம் எடுக்கும், அதுவரை திக்கும். துருவிளக்கி விட்டுத் தட்டித் தட்டி அசைய வைக்கலாம்.

டேங்க் மூடியையும் பாருங்கள். ஆற்றைக் கடப்பதற்காகக் காற்றோட்டத்தை அடைக்கும் வசதி சில ராணுவ லாரிகளில் உண்டு. யாராவது அடைத்துவிட்டு மறந்திருந்தால் கொஞ்ச நேரம் ஓடி, டேங்கில் வெற்றிடம் உண்டாகி அணையும்.

கம்ப்ரெஷன் எப்போது பார்ப்பது?

மேலே சொன்ன எதிலும் பிடிபடவில்லை என்றால். இந்த எஞ்சின்களின் கம்ப்ரெஷன் விகிதம் 7:1-ஐ ஒட்டித்தான் இருக்கும், பலவற்றில் அதற்கும் குறைவு. இழப்பதற்கு மிச்சம் இல்லை. ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்து, எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு அளங்கள். எண் எவ்வளவு என்பதைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வேறுபடுகிறது என்பது முக்கியம். 10, 15 சதவீதத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளக்கும்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எம்37 மாதிரி வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் எஞ்சின்களில் ஆயில் வால்வின் மேலும் பரவுவதால் இந்தச் சோதனையை முழுதாக நம்ப முடியாது. நீண்ட நாள் நின்ற வண்டியில் வால்வு ஒட்டிக்கொண்டிருப்பதும், வால்வு இடைவெளி குறைந்து முழுசாக மூடாமல் இருப்பதும் சகஜம். இடைவெளியைச் சரிசெய்தபின் மறுபடி அளந்து பாருங்கள்.

காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடலாமா? கைப்பிடி போட்டுச் சுற்றலாமா?

வோல்டேஜ் ஒன்றாக இருந்தால் மட்டும். 24 வோல்ட் வண்டிக்கு 24 வோல்ட் வண்டியிலிருந்துதான். எர்த் எந்த முனை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.

கைப்பிடி வசதி உள்ள வண்டியில் சுற்றலாம். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கீழ்நோக்கி அழுத்தாதீர்கள், எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குளிர் காலையில் எப்படிக் கிளப்புவது?

கை நெம்பு இருந்தால் பெட்ரோலை அடித்து ஏற்றுங்கள். இக்னிஷனை அணைத்தே வைத்து, கிளட்ச்சை மிதித்து, எஞ்சினைச் சில சுற்றுகள் சுற்ற விடுங்கள், ஆயில் கொஞ்சம் இளகும். அப்புறம் சோக்கை முழுக்க இழுத்து, ஹேண்ட் த்ராட்டில் இருந்தால் சற்றே திறந்து, ஆக்சிலேட்டரை இரண்டு மூன்று முறை முழுக்க மிதித்து விடுங்கள். இக்னிஷன் போட்டு செல்ஃப் அழுத்துங்கள். ஒரு முறைக்கு 10, 15 விநாடிக்கு மேல் வேண்டாம். பற்றாவிட்டால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி. பேட்டரி அந்த இடைவெளியில் கொஞ்சம் மீளும், செல்ஃப் மோட்டாரும் ஆறும்.

கடுங்குளிர் நாடுகளில் இதுவும் போதாது. காஸ்-66-இல் பெட்ரோலை எரித்து எஞ்சின் தண்ணீரைச் சூடாக்கும் கருவியே கூட வந்தது. இன்று மின்சாரத்தில் ஓடும் பிளாக் ஹீட்டரை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போட்டுவிடலாம். அது இல்லாவிட்டால் இரவில் பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, காலையில் மாட்டுங்கள்.

பற்றிய பிறகு உடனே ரேஸ் பண்ணாதீர்கள். ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று மீட்டரைப் பாருங்கள், சோக்கைப் பாதி தள்ளுங்கள், வேகத்தைச் சற்றே தூக்கி வைத்து ஓட விடுங்கள். சோக் இல்லாமல் திக்காமல் நின்றதும் மெதுவாக உருட்டிக் கிளம்பலாம். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் சூடாவது வண்டி ஓடும்போதுதான், அதனால் முதல் சில கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுங்கள்.